கட்டற்ற கருவியும் கட்டற்ற சொல்லும்: அம்பாறை மாவட்ட அனுபவத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கருத்துச் சுதந்திரம் பற்றி எழுதியோர் பெரும்பாலும் சட்டத்தையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். அரசியலமைப்பு எதனை உறுதிப்படுத்துகின்றது, எந்தச் சட்டம் எதனைத் தடுக்கின்றது, நீதிமன்றங்கள் எவ்வாறு தீர்ப்பளித்தன என்பனவே அவர்தம் வினாக்களாக அமைந்தன. 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் குடிமக்கள் யாவர்க்கும் உரியனவாகக் கூறுகின்றது. ஆயின், சொல்லும் உரிமை ஒருவருக்கு இருப்பினும் சொல்லுதற்குரிய கருவி முற்றிலும் பிறர் கையில் இருக்குமாயின் அவ்வுரிமை எத்துணைப் பயனுடையது என்னும் வினா சட்ட நூல்களில் அருகியே எழுப்பப்பட்டுள்ளது.

கணினி உலகிலே இவ்வினாவை முதன்மைப்படுத்தி எழுந்தது கட்டற்ற மென்பொருள் இயக்கமாகும். அவ்வியக்கத்தின் விழுமியங்களுக்கும், முகநூல் போன்ற பெருந்தளங்களிலே இன்று நிகழும் கருத்துச் சுதந்திரப் பூசல்களுக்கும் இடையேயுள்ள தொடர்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குத் தொலைதூர நாடுகளை நாடவேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் அம்பாறை மாவட்டம் கண்ட இரு நிகழ்ச்சிகள் இத்தொடர்பின் இரு முகங்களையும் தெளிவாகக் காட்டுகின்றன. ஒன்று கடலிலிருந்து வந்தது; மற்றையது ஓர் உணவுக் கடையிலே தொடங்கியது. கரையோர முஸ்லிம் ஊர்களுக்கும் மாவட்டத்தின் நிருவாகத் தலைநகரான அம்பாறைக்கும் இடைப்பட்ட வயற்பரப்பிலே, தன் பெயரால் வழங்கும் குளத்தை அண்டி அமைந்த இறக்காமம் போன்றதோர் ஊருக்கு இவ்விரண்டும் அண்டை நிகழ்ச்சிகளே. கச்சேரி அலுவலுக்கு அம்பாறைக்கும், உறவுக்கும் வணிகத்துக்கும் கரையோரத்துக்கும் செல்லும் மக்கள் இவ்விரு நிகழ்ச்சிகளின் விளைவுகளையும் தம் வாழ்விலே உணர்ந்தவர்கள்.

அச்சுப்பொறி தந்த பாடம்

கருவியின் உடைமைக்கும் சொல்லின் உரிமைக்கும் உள்ள உறவு கணினியோடு தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாறு முழுவதிலும் அவ்வுறவைக் காணலாம். இலங்கையில் ஒல்லாந்தர் 1737இல் கொழும்பிலே அச்சுக்கூடம் நிறுவிய காலந்தொட்டு நெடுங்காலம் அச்சுப்பொறி அரசினரிடமும் மிசனரிமாரிடமுமே இருந்தது. இந்தியாவில் அச்சகங்கள் மீதிருந்த முன்னனுமதிக் கட்டுப்பாடுகள் சாள்ஸ் மெற்காவ் ஆட்சியிலே 1835இல் நீக்கப்பட்டன. அதன் பின்னரே தமிழர் தாமாக அச்சகம் நடத்தும் வழக்கம் பரவலாயிற்று.

ஆறுமுக நாவலரின் வாழ்வு இவ்வகையில் எண்ணத்தக்கது. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், மிசனரிமாரின் அச்சு வலிமையை உள்ளிருந்தே அறிந்தவர். அவர்களுக்கு மறுமொழி கூற முற்பட்டபோது மேடைப் பிரசங்கம் மாத்திரம் போதாதென்பதை உணர்ந்து, 1849இல் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கி வந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். அன்று அவருக்குப் பேசும் தடை ஏதும் இருக்கவில்லை. பேச்சைப் பெருக்கும் கருவியே இல்லாதிருந்தது.

முஸ்லிம்களிடையே இதே உணர்வோடு செயற்பட்டவர் அறிஞர் சித்திலெப்பை. கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். கல்வியிற் பின்தங்கிய ஒரு சமூகம் தன் குறைகளைத் தானே எடுத்துரைப்பதற்கும், தன்னைப் பற்றிப் பிறர் கூறுவனவற்றுக்கு விடையிறுப்பதற்கும் அவ்விதழ் களமாயிற்று. இதற்கு முன்பும் முஸ்லிம்கள் எழுதாதிருந்தனரல்லர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபு அவர்களிடையே செழித்திருந்தது. அவ்வெழுத்துக்குரிய ஈய அச்சுக்கள் எளிதிற் கிடைக்காத நிலையில், கையால் எழுதியதைக் கல்லிற் பதித்து அச்சிடும் கல்லச்சு முறையே அந்நூல்களைப் பரப்பத் துணைநின்றது. கருவி எழுத்துக்கு இணங்காதபோது எழுத்துக்கு இணங்கும் கருவியைத் தேடியமை இங்கு மனங்கொளத்தக்கது.

அச்சுப்பொறி உள்ளூரார் கைக்கு வந்தபின் அதனைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் தொடர்ந்தன. இலங்கையிலே பத்திரிகைகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1839இலேயே வந்துவிட்டது. 1973ஆம் ஆண்டில் பத்திரிகைப் பேரவைச் சட்டமும், ‘தினகரன்’ நாளிதழை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த சட்டமும் நிறைவேறின. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பொது நூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவை ஓர் இரவில் மீளாது அழிந்தன. படியெடுத்துப் பகிர்ந்து வைக்கப்படாத அறிவு எத்துணை நொய்மையானது என்பதை அத்தீ உணர்த்திற்று. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேமித்து எவரும் படிக்க வைத்திருப்பது இவ்வனுபவத்தின் பின்னணியிலே விளங்கிக்கொள்ள வேண்டியதாகும்.

கட்டற்ற மென்பொருட் கோட்பாடு

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கமும் ஓர் அச்சுப்பொறியோடு தொடர்புடையது என்பது சுவையான ஒற்றுமை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றிலே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், அங்கு வந்த சேரொக்ஸ் அச்சுப்பொறி தாள் சிக்கி நிற்கும்போது அதனைப் பயன்படுத்துவோருக்கு அறிவிக்குமாறு அதன் நிரலைத் திருத்த விரும்பினார். மூல நிரலோ அவருக்கு மறுக்கப்பட்டது. தன் முன்னால் நிற்கும் பொறியைத் தானே சீர்செய்ய இயலாத நிலை அவரை உறுத்தியது. 1983 செப்ரெம்பரில் குனூ திட்டத்தை அறிவித்த அவர், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். குனூ பொது உரிமத்தின் முதற் பதிப்பு 1989இல் வெளிவந்தது.

இக்கோட்பாடு பயனருக்கு நான்கு சுதந்திரங்களை வேண்டுகின்றது. மென்பொருளை எந்நோக்கத்துக்காகவும் இயக்குதல், அதன் மூல நிரலைக் கற்று மாற்றியமைத்தல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றியமைத்த வடிவத்தையும் வழங்குதல் என்பனவே அவை. ஆங்கிலத்திலே விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் அவ்வியக்கத்தார் தம் பொருளை ஓயாது விளக்கவேண்டியதாயிற்று. தமிழுக்கு அத்தொல்லை இல்லை. இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. முகநூல் இலவசமானது, கட்டற்றதன்று. இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொள்வோமாயின் பின்வரும் ஆய்வு எளிதாகும்.

தமிழைப் பொறுத்தவரை இக்கோட்பாடு ஏட்டளவில் நின்றதன்று. இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துருக் குறியேற்றத்தைப் பயன்படுத்தியமையால், ஒருவர் தட்டச்சிட்ட தமிழை மற்றொருவர் கணினி படிக்கவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தொன்னூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவாக்கிப் பொதுவில் வைத்தது. தமிழா குழுவினரின் எ-கலப்பை போன்ற கட்டற்ற தட்டச்சுக் கருவிகள் ஒருங்குறித் தமிழைச் சாதாரண மக்களின் விரல்களுக்குக் கொண்டுவந்தன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் முதலானோர் வளர்த்தெடுத்தனர். அன்று ஈய எழுத்துக்காகக் காத்திராது கல்லச்சை நாடிய முன்னோர் செயலும், இன்று வணிக எழுத்துருவுக்காகக் காத்திராத இவர்கள் செயலும் ஒரே வகையின.

கடல்கோளும் சஹனாவும்

2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மாவட்ட வாரியாக நோக்குமிடத்து மிகப் பெரிய இழப்புக்கு உள்ளானது அம்பாறையே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இம்மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையிலிருந்து உயிர்தப்பியோர் உள்ளூர்களின் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்களிலே உணவுக்கு அடுத்துத் தேவைப்பட்டது செய்தியாகும். யார் இறந்தார், யார் எந்த முகாமில் உள்ளார், எந்த நிறுவனம் எங்கு எதனைக் கொண்டுசெல்கின்றது, எந்த முகாமுக்கு இன்னும் எதுவும் போய்ச்சேரவில்லை என்னும் விபரங்கள் சிதறிக் கிடந்தன.

இந்நிலையில் இலங்கைக் கணினித்துறைத் தன்னார்வலர்கள், லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு, சில நாட்களுக்குள்ளேயே ஒரு மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லால் ‘சஹனா’ எனப் பெயர்பெற்ற அம்மென்பொருள், காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் ஏற்பாடு என்பவற்றை உள்ளடக்கியிருந்தது. ஏற்கெனவே கிடைத்த கட்டற்ற மென்பொருட் கூறுகளின் மீது கட்டப்பட்டமையாலேயே அதனை அத்துணை விரைவில் ஆக்க முடிந்தது. சஹனாவும் கட்டற்ற உரிமத்தின் கீழேயே வெளியிடப்பட்டது. அதன் பயன் மறுவருடமே வெளிப்பட்டது. 2005 ஒக்ரோபரில் பாகிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்படுத்தப்பட்டது. சமூக நலனுக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதில் 2006ஆம் ஆண்டுக்குரியது சஹனாவுக்கே கிடைத்தது.

சஹனாவின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க செய்தி யாது? துயருற்ற நாட்டின் மக்களே தம் தேவையை உணர்ந்து கருவியை ஆக்கினர். பிற நாட்டார் எவருடைய அனுமதியையும் வேண்டாது அதனை எடுத்துத் தம் மொழிக்கும் நிலைமைக்கும் ஏற்ப மாற்றினர். கருவிக்கும் அதனைப் பயன்படுத்துவோர்க்கும் இடையே தூரம் இருக்கவில்லை. அடுத்துவரும் நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது.

அம்பாறை, 2018

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவுக் கடையிலே, கறியிற் கிடந்த ஒரு கட்டியைக் காட்டிச் சிலர் வாதாடினர். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரை உணவில் இடப்பட்டுள்ளது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. சிங்களம் சரிவரத் தெரியாத நிலையில், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சிக் கடையில் இருந்தவர் அளித்த தடுமாற்றமான விடை ஒளிப்பதிவு செய்யப்பட்டது. அது குற்ற ஒப்புதலாக முகநூலில் உலவிற்று. அன்றிரவே கடையும் நகரின் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது அக்கட்டி மாவன்றிப் பிறிதொன்றுமன்று என்பது தெரியவந்தது. அவ்வாறு மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை என்பதும் எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் பொய் முந்திச் சென்றுவிட்டது.

அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தின் திகனையிலும் அதனை அண்டிய ஊர்களிலும் பெருங்கலவரம் மூண்டது. முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் அகப்பட்டு ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்ரகிராம் ஆகியன நாடு முழுவதும் முடக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே படிப்படியாக விடுவிக்கப்பட்டன.

இக்காலத்தில் வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பயனர்களும் குடிசார் அமைப்புகளும் முகநூல் நிறுவனத்துக்கு முறையிடாமலில்லை. முஸ்லிம்களைக் கொல்லுமாறு வெளிப்படையாகத் தூண்டிய பதிவு ஒன்றுக்கு எதிரான முறைப்பாட்டுக்கு, அது நிறுவனத்தின் விதிகளை மீறவில்லை என்னும் விடையே சில நாட்களின் பின் கிடைத்தது. சிங்களம் அறிந்த மதிப்பீட்டாளர்கள் போதிய அளவில் இல்லாமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகச் சுட்டப்பட்டது. நிறுவனமே ஒழுங்குசெய்த மனித உரிமை மதிப்பீட்டின் பின், 2020 மே மாதத்திலே, தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு அது வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது. இரண்டு ஆண்டுகளின் பின் வந்த அம்மன்னிப்பு எரிந்தவற்றை மீட்கவில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. முகநூல் கட்டற்ற மென்பொருளை வெறுக்கும் நிறுவனமன்று. அது லினக்ஸ், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் முதலிய கட்டற்ற மென்பொருட்கள் மீதே எழுப்பப்பட்டது. ஆயினும் அதன் பயனருக்கு நான்கு சுதந்திரங்களுள் ஒன்றேனும் கிட்டவில்லை. காரணம் யாதெனில், குனூ பொது உரிமம் மென்பொருளின் படியைப் பிறர்க்கு வழங்கும்போதே மூல நிரலையும் வழங்குமாறு கட்டாயப்படுத்துகின்றது. தன் வழங்கியிலேயே மென்பொருளை இயக்கி, பயனர்க்குச் சேவையை மாத்திரம் அளிப்பவரை அது கட்டுப்படுத்தாது. இவ்விடைவெளியை அடைத்தற்கெனவே 2007 நவெம்பரில் அபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பட்டது. அதற்குள் பெருந்தளங்கள் வேரூன்றிவிட்டன. எந்தப் பதிவு முன்னே தோன்றவேண்டும், எது நீக்கப்படவேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் நிரல்கள் பூட்டிய அறைக்குள் இருந்தன. அவற்றை அம்பாறையில் பாதிக்கப்பட்டவரும் பார்க்க முடியவில்லை. இலங்கை அரசும் பார்க்க முடியவில்லை. ஸ்டோல்மன் தாள் சிக்கிய பொறியின் முன் நின்ற நிலையில், ஒரு நாடே தீப்பற்றிய பொறியின் முன் நின்றது எனலாம்.

தடையும் தண்டனையும்

பூட்டிய கருவியைத் திருத்த இயலாத அரசு அதனை முற்றாக அணைப்பதையே வழியாகக் கொண்டது. 2019 ஏப்பிரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், அவ்வாண்டு மே மாதத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல்கள் மூண்டபோதும் இதே முறை கையாளப்பட்டது. 2022 ஏப்பிரல் 3ஆம் நாள் அரசுக்கு எதிரான மக்கள் எதிர்ப்பின்போதும் தளங்கள் முடக்கப்பட்டன. வன்முறையைத் தணிக்கவெனத் தொடங்கிய பழக்கம் நான்கே ஆண்டுகளில் எதிர்ப்பை அடக்கும் கருவியாயிற்று. முடக்கத்தின் இயல்பும் கவனிக்கத்தக்கது. வெறுப்பைப் பரப்புவோன் தனியார் வலைப்பின்னல் மென்பொருளின் துணையால் தடையைத் தாண்டிச் செல்கின்றான். தன் பிள்ளை நலமாக உள்ளதா என அறிய விரும்பும் தாயோ தடையின் இப்பால் நிற்கின்றாள்.

தனிமனிதர் மீது பாய்ந்த சட்டத்தின் கதை இன்னும் துயரமானது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கவெனப் பயன்படக்கூடியது 2007ஆம் ஆண்டின் குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். 2020 ஏப்பிரலிலே, முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவினாலும் கணினி விசைப்பலகையினாலும் கருத்தளவில் எதிர்கொள்ளவேண்டும் எனச் சிங்களத்தில் எழுதிய றம்ஸி ராஸிக், தமக்கு வந்த கொலை அச்சுறுத்தல்கள் பற்றிப் பொலிசாரிடம் முறையிட்டார். கைதுசெய்யப்பட்டவர் அவரே. ஐந்து மாதங்களின் பின் பிணையில் வந்த அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 மே மாதத்தில் கைதான இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் மீது, ‘நவரசம்’ என்னும் அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கின்றது எனப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ் சாட்டப்பட்டது. அக்கவிதைகளுள் வன்முறையைக் கண்டிப்பன உள என்பதைத் தமிழறிந்தோர் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் தடுப்பிலிருந்த அவர் 2021 டிசெம்பரில் பிணை பெற்று, 2023 டிசெம்பரில் விடுவிக்கப்பட்டார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்து நோக்குவோமாயின் ஓர் ஒற்றுமை புலப்படும். அம்பாறைக் கடையில் இருந்தவர் சிங்களத்தில் தம்மை விளக்க இயலாதவராய் இருந்தார். முகநூல் நிறுவனம் சிங்கள வெறுப்பைப் படிக்கத் தெரியாததாய் இருந்தது. கவிஞரைச் சிறையிட்டோர் தமிழ்க் கவிதையைப் படிக்கத் தெரியாதவராய் இருந்தனர். ஒவ்வொரு நிலையிலும் சொல்லின் மீது தீர்ப்புக் கூறியோர் அச்சொல்லின் மொழிக்கு வெளியே நின்றனர்; தீர்ப்பின் சுமையைச் சுமந்தோர் சிறுபான்மையினராகவே இருந்தனர். எனவே, வெறுப்புக்கு இரையாகும் சமூகமே வெறுப்புத் தடுப்புச் சட்டத்துக்கும் இரையாகும் நிலை இந்நாட்டில் ஏற்பட்டுள்ளது.

2024 ஜனவரி 24ஆம் நாள் 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐவரடங்கிய ஆணைக்குழு ஒன்று பதிவுகளை ஆராய்ந்து நீக்குமாறு பணிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. பெருந்தளத்தின் பூட்டிய அறைக்கு மேலாக அரசின் அறையொன்றை அமைப்பதால் மேற்கூறிய குறை தீருமா என்பது ஐயமே.

கருவியின் சுதந்திரமும் சபையின் ஒழுங்கும்

ஆயின் கட்டற்ற மென்பொருள் இக்குறையைத் தீர்க்குமா? தீர்க்கும் என விரைந்து விடையிறுப்பது பொருந்தாது. எந்நோக்கத்துக்காகவும் மென்பொருளை இயக்கலாம் என்பது நான்கு சுதந்திரங்களுள் முதலாவது. அந்நோக்கம் தீயதாயினும் உரிமம் தடுக்காது. இதற்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 2016இல் வெளிவந்த மஸ்டொடோன் என்னும் கட்டற்ற மென்பொருள், ஒரே நிறுவனத்தின் கீழன்றிப் பல சிறு வழங்கிகள் தமக்குள் செய்தி பரிமாறும் சமூக வலையை அமைக்க உதவுவது. 2018 ஒக்ரோபரில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் யூத ஆலயமொன்றில் பதினொருவரைக் கொன்றவன் பயன்படுத்திய கேப் என்னும் தளம், 2019 ஜூலையில் இதே மஸ்டொடோன் நிரலைத் தன் தளத்துக்கு எடுத்துக்கொண்டது. உரிமத்தின்படி அதனைத் தடுக்க எவருக்கும் இயலவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு முக்கியமானது. மஸ்டொடோன் வழங்கிகளை நடத்தியோர் பலர் கேப் தளத்தோடு செய்தித் தொடர்பு கொள்ள மறுத்தனர். அத்தளத்தின் சொல் அதன் எல்லைக்குள்ளேயே அடங்கிற்று. அதன் கருவியை எவரும் பறிக்கவில்லை. ஆனால் தம் வாசலில் அதனை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கருவியைப் பயன்படுத்தும் உரிமை வேறு, பிறர் அவையில் பேசும் உரிமை வேறு என்பது இதனாற் புலனாகும். 2021இல் ட்ரூத் சோஷியல் என்னும் தளம் மூல நிரலை வெளியிடாமலே மஸ்டொடோனைப் பயன்படுத்தியபோது, நிரலாக்கியோர் அபெரோ உரிமத்தைக் காட்டி ஆட்சேபிக்கவே நிரல் வெளியிடப்பட்டது. அவர்கள் அத்தளத்தாரின் கருத்தைத் தடைசெய்யக் கோரவில்லை. பூட்டைத் திறக்குமாறே கோரினர்.

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் மரபில் இதற்கு ஒப்பானதொன்றைக் காணலாம். ஒவ்வொரு குடிக்கும் உரிய மரைக்காயர்மார் பள்ளிவாசலிலே கூடி ஊர்க் கருமங்களைத் தீர்மானிப்பது அம்மரபு. தீர்ப்பளிப்பவர் யாரென ஊர் அறியும். அவர் ஊரின் மொழியறிந்தவர். தீர்ப்புப் பிழையாயின் அவரை வழியிற் கண்டும் கேட்கலாம். எனினும் இம்மரபை மிகைப்படுத்திப் புகழ்தலும் தகாது. அச்சபையிலே பெண்களின் குரலுக்கு இடமிருக்கவில்லை. மாறுபடக் கருதும் இளைஞனை அடக்கும் வலிமையும் அதற்கு உண்டு. சிறு தளங்களுக்கும் இதே குறை நேரலாம். அண்மையிலிருக்கும் அதிகாரம் அன்புடையதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டற்ற மென்பொருளால் அமைந்த அவையில் அடக்கப்பட்டவர் அதே கருவியைக் கொண்டு தமக்கென வேறோர் அவையை அமைக்கலாம். நாவலரும் சித்திலெப்பையும் செய்தது இதுவே. முகநூலிலிருந்து வெளியேறுபவருக்கோ தம் உறவும் நட்பும் சேர்ந்த முழு உலகையும் விட்டுச்செல்ல நேர்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கட்டற்ற மென்பொருளின் விழுமியங்கள் கருத்துச் சுதந்திரத்துக்கு வேண்டிய நிபந்தனைகளுள் ஒன்றை நிறைவுசெய்கின்றன, முழுவதையும் அன்று. கருவி திறந்திருத்தல், விதி வெளிப்படையாயிருத்தல், படியெடுத்து விலகிச்செல்லும் வழி இருத்தல் ஆகியவற்றை அவை உறுதிசெய்யும். எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்னும் வினாவுக்கு அவை விடை கூறா. அவ்வினாவுக்கு விடைகாண்பது மொழியும் சூழலும் அறிந்த மக்களின் கடமையாகும். விடைகாணும் இடம் எங்கே அமைகின்றது என்பதையே கருவியின் தன்மை தீர்மானிக்கின்றது.

இக்கடமையிலே பல்கலைக்கழகங்களுக்குத் தனிப் பங்கு உண்டு. 1995இல் தோற்றம்பெற்று ஒலுவிலில் இயங்கிவரும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட, தமிழும் சிங்களமும் கணினியும் ஒரே வளாகத்திற் கற்பிக்கப்படும் இடங்கள் இந்நாட்டில் உள. ஒரு சிங்களப் பதிவில் மறைந்துள்ள தூண்டுதலைத் தமிழ் மாணவர் இனங்காணவும், ஒரு தமிழ்க் கவிதையின் கருத்தைச் சிங்கள மாணவர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கவும் கூடிய பயிற்சியை அவை அளிக்கலாம். மாணவர் சங்கங்கள் தம் இதழ்களையும் ஊர் ஆவணங்களையும் தாமே இயக்கும் கட்டற்ற வழங்கிகளிற் பேணலாம். ஆழிப்பேரலையின் பின் சில நாட்களிற் சஹனாவை ஆக்கியோர் இந்நாட்டு இளைஞரே என்பதை எண்ணுமிடத்து, இவை எட்டாத கருமங்கள் அல்ல.

அம்பாறைக் கடையிலே கிடந்தது மாவு என்பதை நிறுவப் பகுப்பாய்வாளருக்குச் சில நாட்கள் போதுமாயிருந்தன. அச்செய்தியைப் பொய் சென்ற அதே வழியிலே, அதே மொழியிலே, அதே விரைவிலே கொண்டுசெல்ல நம்மிடம் கருவி இருக்கவில்லை. அடுத்த வதந்தி எழுமுன் அக்கருவியை ஆக்கிக்கொள்வதா, அன்றி மீண்டும் ஒரு தடையையும் ஒரு மன்னிப்பையும் எதிர்நோக்கியிருப்பதா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினாவாகும்.